ஊர்க் குழுவின் பயிற்றுநரை ஆண்டுதோறும் மாற்ற வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர், தோட்டப்புறக் காற்பந்துக் குழுக்கள் ஒரு பருவத்தில் கிண்ணம் எதையும் வெல்லாவிட்டால் பயிற்றுநரை உடனே நீக்கிவிட்டு, மாநிலக் குழுவில் ஆடிப் பெயர் பெற்ற ஒருவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவர வேண்டும் என்று எழுதியிருந்தார். இங்கிலாந்தின் பெரிய குழுக்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன என்பது அவர் காட்டிய சான்று. அந்தப் பெரிய குழுக்கள் செய்வது சரியா, தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவர்களிடம் பணம் இருக்கிறது, தவறினால் அடுத்த மாதமே வேறொருவரை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் பகாவ் போன்ற ஒரு மலேசியச் சிற்றூரின் குழுவுக்கு இங்கிலாந்திலிருந்து பாடம் எடுக்க வேண்டுமென்றால் மான்செஸ்டரையும் லண்டனையும் விட்டுவிட்டு, அக்ரிங்டன் என்ற சிறு நகரத்தையும், அங்கே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கழித்த ஜான் கோல்மன், ஜிம்மி பெல் என்ற இருவரையும் பார்ப்பதே பொருத்தம். முன்னவர் நிர்வாகி, அதாவது தலைமைப் பயிற்றுநர்; பின்னவர் அவருடைய துணைப் பயிற்றுநர்.

அக்ரிங்டன் வட இங்கிலாந்தின் லங்காஷியர் பகுதியில் உள்ள பழைய பஞ்சாலை நகரம். ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர். ஆலைகள் மூடப்பட்டபோது ஊரும் சோர்ந்தது. 1888-இல் இங்கிலாந்துக் காற்பந்து லீக்கைத் தொடங்கிய 12 குழுக்களில் ஒன்று இந்த ஊருடையது என்பதை இன்று பலர் அறியமாட்டார்கள். அந்தக் குழு நெடுநாள் நிலைக்கவில்லை. 1891-இல் தோன்றிய அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற வேறொரு குழு 1921-இல் லீக்கில் சேர்ந்தது. கடன் தாங்க முடியாமல் 1962 மார்ச் மாதம், பருவம் முடிவதற்கு முன்பே லீக்கிலிருந்து விலகியது. சில ஆண்டுகளில் இழுத்து மூடப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் நாட்டில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்து, தோட்டத்தோடு சேர்ந்து திடலும் மன்றமும் குழுவும் காணாமற்போயின என்பதை மூத்த வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நம்மில் பல தோட்டக் குழுக்கள் திரும்ப எழவே இல்லை. ஸ்டான்லி குழுவை 1968-இல் ஊர் மக்கள் மீண்டும் தொடங்கினார்கள். ஆனாலும், 1980களின் இறுதியில் வந்த ஒரு பால் விளம்பரத்தில், பால் குடிக்காத பையன் இந்தக் குழுவுக்கு ஆடத்தான் லாயக்கு என்று கிண்டல் செய்யும் அளவுக்கு அது ஒரு கேலிப்பெயராகத்தான் இருந்தது.

கோல்மன் லிவர்பூல் பக்கத்தவர். தாக்குதல் ஆட்டக்காரராக நிறைய கோல் அடித்தவர்தான். ஆனால் முழுநேரத் தொழில்முறை லீக்கின் நான்கு பிரிவுகளில் ஒன்றில்கூட ஆடாதவர். அதாவது, நம் அன்பர் தேடுகிற ‘பெயர் பெற்ற முன்னாள் ஆட்டக்காரர்’ என்ற தகுதி அவருக்கு இல்லை. 1999-இல் அவர் பொறுப்பேற்றபோது ஸ்டான்லி, பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்நோக்கி எண்ணினால் ஏழாம் அடுக்கில் இருந்தது. அங்கே பருவ முடிவில் முன்னணிக் குழுக்கள் ஓர் அடுக்கு ஏறும், கடைசிக் குழுக்கள் ஓர் அடுக்கு இறங்கும். முதல் பருவத்திலேயே அந்தப் பிரிவை வென்று மேலேறினார்கள். அதன்பின் இரண்டு பருவங்கள் ஒன்றும் நடக்கவில்லை. 2003-இல் மீண்டும் ஏற்றம். மறுபடியும் இரண்டு பருவங்கள் வெறுமை. 2006-இல் ஐந்தாம் அடுக்கையும் வென்று, 44 ஆண்டுகளுக்குப் பிறகு அக்ரிங்டன் என்ற பெயர் லீக் பட்டியலுக்குத் திரும்பியது. 1962-இல் அவர்கள் காலிசெய்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஆக்ஸ்ஃபர்டு யுனைடெட். 2006-இல் இவர்கள் மேலே வந்தபோது கீழே இறங்கிய இரண்டு குழுக்களில் ஒன்றும் அதே ஆக்ஸ்ஃபர்டுதான். காற்பந்தில் விதி, கர்மம் என்றெல்லாம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு எப்படியோ நேராகியிருக்கிறது.

அன்பரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு இந்த ஏழு ஆண்டுகளை அளந்து பாருங்கள். 2001, 2002, 2004, 2005 என நான்கு பருவங்களில் கோல்மனுக்கு ஏற்றம் இல்லை. நான்கு முறை அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். லீக்குக்குள் வந்த பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. நான்காம் அடுக்கில் 24 குழுக்கள். அவற்றுள் ஸ்டான்லி முதல் ஆண்டு 20-ஆம் இடம், அடுத்து 17, பின்பு 16, அதன்பின் 15, ஐந்தாம் ஆண்டு 2011-இல் 5-ஆம் இடம். ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியாகப் பார்த்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஐந்தையும் அடுக்கிப் பார்த்தால்தான் ஒரே கை தொடர்ந்து வேலை செய்திருப்பது தெரிகிறது. இதற்கிடையில் 2009-இல் 308,000 பவுன் வரி நிலுவைக்காகக் குழுவையே கலைக்கும் நிலை வந்து, நன்கொடையாலும் புதிய முதலீட்டாலும் அது தப்பியது. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் இடம் இறங்கவில்லை என்பதைத்தான் நான் கிண்ணங்களுக்கும் மேலாக மதிக்கிறேன்.

எல்லாம் வெற்றிக் கதை என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. 2012 ஜனவரியில் கோல்மனும் பெல்லும் ஒரு படி மேலே இருந்த ரோச்டேல் குழுவுக்குப் போனார்கள். பருவத்தின் நடுவே போய்ச் சேர்ந்த அந்தக் குழு அதே ஆண்டு கீழே இறங்கியது. ஓராண்டுக்குள் கோல்மன் நீக்கப்பட்டார். பிறகு லீக்குக்கு வெளியே சவுத்போர்ட். அதன்பின் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ், அங்கும் சில மாதங்கள்தான். அக்ரிங்டனில் பன்னிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த அதே மனிதர் மூன்று இடங்களில் வேர் பிடிக்காமற்போனதற்குக் காரணம் என்ன? திறமை திடீரென்று மறைந்துவிடாது. மாற்றார் சேர்த்துவைத்த ஆட்டக்காரர்கள், உடனடிப் பலன் கேட்கும் செயற்குழு, ஊரைப் பற்றிய பழக்கமின்மை ஆகியவை சேர்ந்தால் எந்தப் பயிற்றுநரும் பாதியாகிவிடுவார் என்பதே என் கணிப்பு. பெயர் பெற்ற ஒருவரைப் பருவத்துக்குப் பருவம் வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யலாம் என்பவர்கள் கோல்மனின் இந்த இரண்டரை ஆண்டுகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

2014 செப்டம்பரில் அக்ரிங்டன் அவரை மீண்டும் அழைத்தது. 2016-இல் நேரடி ஏற்றத்துக்கான மூன்றாம் இடம், கோல் வித்தியாசத்தில் கைநழுவியது. கடைசி நாளன்று இவர்கள் சொந்தத் திடலில் ஸ்டீவனேஜுடன் கோல் இன்றிச் சமன் கண்டார்கள். அதே நேரத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸ் கூடுதல் நிமிடங்களில் ஒரு கோல் அடித்து, அதே 85 புள்ளிகளோடு மேலே போனது. எஞ்சிய ஓர் ஏற்ற இடத்துக்கான தகுதிச் சுற்றிலும் விம்பிள்டன் குழுவிடம் தோல்வி. அந்தக் கோடையில் நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் பிரிந்துபோக, அடுத்த பருவம் குழு 13-ஆம் இடத்துக்குச் சரிந்தது. நம் ஊரில் ஒரு செயற்குழு அந்த வேளையில் என்ன செய்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தீர்மானம் எழுதுவதற்கு முன்பே புதிய பயிற்றுநரின் பெயர் மாமாக் உணவுக்கடையில் அடிபட்டிருக்கும். அக்ரிங்டனின் உரிமையாளர் ஆண்டி ஹோல்ட் கோல்மனையும் பெல்லையும் அப்படியே வைத்துக்கொண்டார். மறு பருவம், 2018 ஏப்ரல் 17 அன்று, பில்லி கீ அடித்த இரண்டு கோல்களால் யோவில் குழுவை 2-0 என வென்று ஏற்றத்தை உறுதிசெய்தார்கள். பருவ முடிவில் 93 புள்ளிகளுடன் அந்தப் பிரிவின் வெற்றியாளர்களும் அவர்களே. சம்பளச் செலவில் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்த குழு அது. அவர்களுடைய திடலில் சுமார் ஐயாயிரம் பேர்தான் பார்க்க முடியும். அந்த நிலையிலிருந்து மூன்றாம் அடுக்குக்குப் போய், அங்கே ஐந்து பருவங்கள் நிலைத்தார்கள்.

இப்போது ஜிம்மி பெல்லைப் பற்றி. இந்தக் கதையை எழுதுபவர்கள் எல்லாரும் கோல்மனின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். தங்கள் விளையாட்டுப் பக்கமும் அதற்கு விலக்கன்று. ஆனால் ஏறியபோதும் பெல் உடனிருந்தார், ரோச்டேலுக்குப் போனபோதும் உடன் போனார், திரும்பியபோதும் சேர்ந்தே திரும்பினார், 2024 மார்ச்சில் பொறுப்பு பறிக்கப்பட்டபோது இருவரும் ஒரே நாளில் வெளியேறினார்கள். துணைப் பயிற்றுநரின் வேலை வெளியே தெரிவதில்லை. பதினொருவர் பட்டியலில் இடம் கிடைக்காத பையனோடு பேசுபவர் அவர்தான். எதிரணி மூலை உதையை எப்படி எடுக்கிறது என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து வருபவரும் அவர்தான். தலைமைப் பயிற்றுநர் கோபத்தில் சொன்னதை ஆட்டக்காரருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லவும், தலைமைப் பயிற்றுநரே தவறும்போது அறைக்கதவை மூடிக்கொண்டு அவரிடமே அதை எடுத்துச் சொல்லவும் அவர் ஒருவரால்தான் முடியும். இந்தக் கடைசி வேலையைச் செய்யப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். நேற்று வந்த துணைப் பயிற்றுநர் வாய் திறக்கமாட்டார்.

இது அக்ரிங்டனில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1965-இல் நான்காம் பிரிவின் அடித்தட்டில் கிடந்த ஹார்ட்டில்பூல்ஸ் குழுவுக்கு பிரையன் கிளஃப் பொறுப்பேற்றபோது, பீட்டர் டெய்லரையும் உடன் அழைத்து வந்தார். துணை நிர்வாகி என்ற பதவிக்குச் சம்பளம் கொடுக்கக் குழுவிடம் வசதி இல்லாததால், அடிபட்டவருக்கு ஓடிப்போய்த் தண்ணீர் தொட்டு ஒற்றும் வாளிக்காரராகத்தான் டெய்லர் பதிவேட்டில் இருந்தார். ஆட்டக்காரர்களைக் கண்டெடுக்கும் கண் அவருடையது. 1974-இல் டெய்லர் இல்லாமல் லீட்ஸ் குழுவுக்குத் தனியே போன கிளஃப் 44 நாளில் வெளியேற்றப்பட்டார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் 1976-இல் இருவரும் மறுபடி சேர்ந்த பிறகு 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணம் வந்தது. நம் நாட்டிலேயே பார்ப்போமே. தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால் 2009-இல் லாவோஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் மலேசியாவுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் காற்பந்துத் தங்கம் வென்றுதந்தபோது, அவருக்குத் துணையாக நின்றவர்களில் ஒருவர் ஓங் கிம் சுவீ. 2011-இல் இந்தோனேசியாவில் அதே தங்கத்தைத் தலைமைப் பயிற்றுநராக மீண்டும் வென்றவரும் அதே ஓங் கிம் சுவீதான். துணையாக இருந்த காலத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

எங்கள் ஊர்க் குழுவின் துணைப் பயிற்றுநர் ஒரு செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோடும் பிரிவில் வேலை செய்பவர். மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதும் 555 குறிப்புப் புத்தகம் ஒன்று அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு பையனுக்கும் அதில் ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் ‘இடக்கால் வரவில்லை, சுவரில் அடித்துப் பழக வேண்டும்’ என்று இருக்கும். அடுத்த பக்கத்தில் ‘பந்து வருமுன் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை’ என்றும், அதற்குக் கீழேயே ‘அப்பாவுக்கு இரவு ஷிப்ட், செவ்வாய் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், திட்டக்கூடாது’ என்றும் இருக்கும். பூட்ஸ் அளவுகூட எழுதிவைத்திருக்கிறார். வேகமாக ஓடும் ஒரு பையன் மழை நாளில் மட்டும் ஏன் சறுக்கிச் சறுக்கி விழுகிறான் என்பதற்கு, அவன் அண்ணனின் பழைய பூட்ஸை இரண்டு காலுறை போட்டு அணிகிறான் என்ற விடை அந்தப் புத்தகத்தில்தான் கிடைத்தது. குழுவுக்கு வந்துபோன பயிற்றுநர்கள் எவரும் அதைக் கேட்டு வாங்கிப் படித்ததாக நான் அறியேன். ஒவ்வொருவரும் வந்த முதல் வாரம் பையன்களைத் திடலைச் சுற்றி ஓடவிட்டு, யார் வேகம், யார் சோம்பல் என்று புதிதாக ஒரு முடிவுக்கு வருவார்கள்; அந்த முடிவு சற்றுத் தெளிவடைகிற நேரத்தில் அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்துவிடும்.

இவருக்குக் குழு கொடுப்பது வெளியூர் ஆட்டங்களுக்கான பெட்ரோல் காசு மட்டும். அழைத்து வரப்படும் பயிற்றுநருக்கு மாதப் படித்தொகை உண்டு. அந்தத் தொகையை நான் குறை சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் குழுவைப் பற்றிய அறிவு முழுவதும் ஒருவரிடம் இருக்க, ஊதியமும் மரியாதையும் இன்னொருவருக்கு மட்டும் போவது எந்த நியாயம்? பயிற்றுநர்களுக்கான மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் ‘டி’ உரிமப் பயிற்சிக்கும், அதற்கடுத்து ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் ‘சி’ உரிமப் பயிற்சிக்கும் அவரை அனுப்பினால், சில ஆண்டுகளில் வெளியே யாரையும் தேட வேண்டிய தேவையே இருக்காது. வருடாந்திர விருந்துக்கும் கிண்ணங்களுக்கும் மாலைகளுக்கும் செலவிடுகிற நம் மன்றங்கள் இதற்குப் பணமில்லை என்று சொல்வதை நான் ஏற்பதாயில்லை.

கோல்மனும் கடைசியில் நீக்கப்பட்டவர்தானே என்று அன்பர் கேட்கலாம். உண்மைதான். 2023-இல் ஸ்டான்லி மூன்றாம் அடுக்கிலிருந்து இறங்கியது. அடுத்த பருவம் நான்காம் அடுக்கிலும் முன்னேற்றம் தென்படாததால் உரிமையாளர் முடிவெடுத்தார். நீண்ட காலம் இருந்தவர் சாகும்வரை இருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பழக்கம் ஒரு கட்டத்தில் சோம்பலாகவும் மாறலாம். ஒரே குரலைக் கேட்டுக் கேட்டு ஆட்டக்காரர்களுக்குக் காது மரத்துப்போவதும் உண்டு. ஆனால் அங்கேயும் மாற்றம் எப்படி நடந்தது என்று பாருங்கள்: அடுத்துப் பொறுப்பேற்ற ஜான் டூலன், அந்தக் குழுவிலேயே ஆடி, அங்கேயே பயிற்சியாளராக இருந்தவர். பையன்களின் பெயர்களைப் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

நம் சமூகத்துக்கு இதில் தனி அக்கறை வேண்டும் என்பேன். 2016-இல் நாட்டின் மூன்றாம் பிரிவான எஃப்ஏஎம் லீக்கை வென்று, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் உச்சப் பிரிவான சூப்பர் லீக்வரை போன, மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழு, 2022 பருவத்தோடு லீக்கைவிட்டே விலகியது. அதற்கான பொருளாதாரக் காரணங்கள் வேறு. அவற்றை இங்கே நான் கலக்கவில்லை. ஆனால் உச்சியில் ஒரு குழு இல்லாத இந்தக் காலத்தில், தோட்டத்திலிருந்தும் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் வருகிற பையனைப் பதினேழு பதினெட்டு வயதுவரை விடாமல் பிடித்துவைக்கும் இடம் ஊர்க் குழு ஒன்றுதான். பையன் பன்னிரண்டு வயதில் வருகிறான் என்றால் அவன் வளர்ந்து முடிப்பதற்குள் ஐந்தாறு பயிற்றுநர்களின் கீழ் ஆடவேண்டியிருப்பது, ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் மாறுகிற வகுப்பறையைவிட மோசமானது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து, மாணவர் காற்பந்துக்கும் பொறுப்பேற்று ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் தொடங்குகிற இங்கிலாந்து ஆட்டங்களைப் பற்றி ஞாயிறு, திங்கள் இதழ்களில் முழுப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதை வாசிப்பவர்களில் நானும் ஒருவன், எனவே குறைக்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் கீழ்ப்பிரிவுகளின் செய்திக்கு இரண்டு அங்குலமாவது தாருங்கள். மாவட்ட ஆட்டங்களின் முடிவுகளை வெளியிடும்போது, கோல் அடித்தவர் பெயருக்கும் கிண்ணம் எடுத்துக் கொடுத்த பிரமுகர் பெயருக்கும் பக்கத்தில், இரண்டு குழுக்களின் பயிற்றுநர், துணைப் பயிற்றுநர் ஆகியோரின் பெயர்களையும் அச்சிடுங்கள். முடிவுகளை அனுப்பும் குழுச் செயலாளர்களிடம் அதைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கினால் ஒரே பருவத்தில் பழக்கமாகிவிடும்.

எங்கள் குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் நடைபெறவிருக்கிறது. புதிய பயிற்றுநர் நியமனம் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. பயிற்றுநருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம், துணைப் பயிற்றுநருக்கு மாதப் படித்தொகையும் உரிமப் பயிற்சிக் கட்டணமும் என்ற இரண்டு தீர்மானங்களை எழுத்து மூலம் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு இதழில் எழுதிய அன்பரும் எங்கள் வட்டாரத்தவர்தான் என்று அவருடைய கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் உறுப்பினராக இருந்தால் கூட்டத்துக்கு வந்து எதிர்த்து வாக்களிக்கட்டும். ஆனால் வருமுன் அந்த 555 புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் படித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பகாவ், நெகிரி செம்பிலான்.